பழைய வண்டியும் புதிய கைகளும்

உரிமம் பெறுதல் வேறு. வண்டி ஓட்டுதல் வேறு. பதினேழு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை. மலேசியச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறு வயதையும் காருக்குப் பதினேழு வயதையும் எல்லையாக வைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வு முடிந்தால் எல் எழுத்து. பயிற்சித் திடலில் மேட்டில் நிறுத்தி எடுத்தல், குறுகிய இடத்தில் மூன்று அசைவில் திருப்புதல், கம்பங்களுக்கிடையே ஒதுக்கி நிறுத்துதல். அதன்பின் சாலைத் தேர்வு. அதிலும் தேறினால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளப் பி எழுத்து, ஈராண்டுக் காலத் தகுதிகாண் உரிமம். இத்தனையும் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. பயிற்சிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. பிள்ளை தவறினால் அவர் மிதித்துக்கொள்வார். அந்தப் பிரேக் இல்லாத வண்டியில் ஏறும் நாளில்தான் பிள்ளையின் உண்மையான படிப்புத் தொடங்குகிறது.

ஜெராமை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கும் சுங்கை செம்பிலாங் வட்டாரத்தில் ஒரு பெண் அப்படித்தான் பி எழுத்தோடு வீடு திரும்பினாள். அவள் பயின்றது ஏழெட்டு ஆண்டே ஆன சிறிய உள்நாட்டுக் கார். வீட்டுக் கொட்டகையில் நின்றதோ 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். அவளுடைய பாட்டனார் அதனைத் தோட்டத்துப் பெரிய கிராணியிடமிருந்து 1974இல் வாங்கியவர். அந்நாளில் தோட்டத்துப் பால் லாரியின் ஓட்டுநர். கிராணியின் காரை லாரி டிரைவர் வாங்கியதைத் தோட்டம் ஒரு மாதம் பேசியதாம். துரைமார் பெரிய கார்களில் சென்ற காலம் அது. மோரிஸ் மைனர் கிராணிக்கும் மருந்தகத்து டிரசருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரிய மதிப்பின் சின்னமாக இருந்தது. லயத்து வீட்டு வாசலில் அது நின்றது சின்னச் செய்தியன்று.

பெண் ஓட்டப் பழக வேண்டிய தேவை மதிப்பினால் வந்ததன்று. பாட்டியாருக்கு நீரிழிவு முற்றிச் சிறுநீரகங்கள் செயலற்றுப்போயின. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், கிள்ளானில் உள்ள ஒரு மையத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் கிடைத்த முறை விடியற்காலையது. பெண்ணின் தந்தை மோட்டார் சைக்கிளிலும் தாய் ஆலைப் பேருந்திலுமாக இருட்டிலேயே ஷா ஆலத்துக்குப் புறப்பட்டுவிடுவர். இரண்டாண்டுக் காலம் பாட்டனாரே மனைவியை அழைத்துச் சென்றார். பின்னர் அவர் கண்களில் நீரழுத்தம் கண்டது. எதிரே வரும் லாரியின் விளக்கொளியில் சாலையோரம் கரைந்துபோவதாக அவர் ஒருநாள் சொன்னார். இருட்டில் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். சுத்திகரிப்பு ஒருமுறை தவறினால் மூச்சு முட்டும். இருமுறை தவறினால் உயிருக்கே கேடு. ஆகவே வீட்டில் மீதியிருந்த ஒரே ஓட்டுநர் உரிமத்தின்மேல் எல்லோருடைய பார்வையும் விழுந்தது.

பழைய காரை விற்றுப் புதியது வாங்கலாகாதா என்று கேட்போர் உண்டு. மாதத் தவணை என்ற சொல்லைக் கேட்டாலே பாட்டனார், "கடன் இல்லாத வண்டி இது ஒண்ணுதான்" என்பார். அவ்வளவில் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் காருக்கும் ஒரு வரலாறு உண்டு. துருக்கியில் இன்று இஸ்மீர் எனப்படும் சிமிர்னாவில் 1906இல் பிறந்த அலெக் இசிகோனிசு என்ற பொறியாளர் வடித்த வடிவம் அது. 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. உற்பத்திக்குச் சற்று முன்னர், வண்டி ஒடுங்கியிருப்பதாக அவருக்கே தோன்றவே, மாதிரிக் காரை நெடுக இரண்டாக அறுத்து விலக்கிப் பார்த்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு அவ்வுருவம் பிடிக்கவில்லை. ஓடுடைத்து வேகவைத்த முட்டை என்று இகழ்ந்ததாகச் சொல்வர். அந்த முட்டைதான் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் ஆயிற்று. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்தை எட்டியிருந்தது. இலங்கையில் 1990களில் இதன் தகட்டுப் பகுதிகளைச் செய்து பிறந்த நாடான இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்பது சுவையான செய்தி. இந்தியாவில் 2014வரை உருவாகிவந்த அம்பாசடரும் இதே மோரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான். ஆக்ஸ்போர்டு என்னும் மூத்த கிளையைச் சேர்ந்தது. தமிழகத்தில் எத்தனையோ தந்தையர் தம் மக்களுக்கு ஓட்டக் கற்பித்தது அதில்தான்.

பழையதெல்லாம் சிறந்தது என்பாரோடு உடன்படுவதற்கில்லை. மோரிஸ் மைனரில் மோதலைத் தாங்கி மடங்கும் முன்பகுதி இல்லை. தலையைத் தாங்கும் இருக்கை மேற்புறம் இல்லை. நான்கு சக்கரங்களிலும் உருளை பிரேக்குகளே. இந்நாட்டில் முன்னிருக்கைக்காரர் இடைவார் அணியவேண்டும் என்ற விதி 1979இல்தான் வந்தது. அந்த ஆண்டே பாட்டனார் தம் காரில் வார்களைப் பொருத்திக்கொண்டார். சாலையின் கொடுமையை அறிந்தவர் அவர். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் மாண்டவர்கள் 6,167 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டப்புறத்தில் அந்த எண்ணிக்கையைச் செய்தித்தாளில் படித்து அறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு லயத்திலும் மாலையிட்ட ஓர் இளைஞனின் படம் தொங்குகிறது.

ஆயினும் கற்பிப்பதற்குப் பழைய வண்டியில் ஒரு நன்மை உண்டு. அது எதையும் மறைப்பதில்லை. புதிய கார் ஓட்டுபவனின் பிழையைத் தானே திருத்திக்கொண்டு வாளாவிருக்கும். பழைய காரோ உடனே உறுமும், குலுங்கும், நின்றுபோகும். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியர் போன்றது அது.

முதற்பாடம் வண்டியைக் கிளப்புதல். சாவியைத் திருப்பினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும்; வேறொன்றும் நிகழாது. தனியாக உள்ள ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால்தான் எஞ்சின் சுழலும். குளிர்ந்த காலையாயின் காற்றைக் குறைக்கும் சோக்கையும் சிறிது இழுக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த விடியலில் எவ்வளவு, வெயிலில் நின்ற வண்டிக்கு எவ்வளவு என்பது எந்த நூலிலும் இல்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். "கட்டை விரலை மடக்காதே அம்மா. நாலு விரலோட சேர்த்து ஒரே பக்கம் வை" என்றார் பாட்டனார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழலும். வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும். லாரியில் கிளீனராகச் சேர்ந்த பதினைந்தாம் வயதில் அவர் முதன்முதல் கற்றது இதுவே. அவருக்கு அதைக் கற்பித்தது சொல்லன்று, முறிந்த விரலோடு நின்ற இன்னொரு கிளீனரின் கை.

அடுத்தது கிளட்ச். இங்கேதான் பாட்டனாரின் புலமை தடுமாறிற்று. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அவர் கால் அறிந்திருந்த ஒன்றை அவர் வாயால் சொல்ல இயலவில்லை.

"எவ்வளவு விடணும் தாத்தா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கால் சொல்லும் அம்மா."

அவள் கால் ஒன்றும் சொல்லவில்லை. கார் இருமுறை துள்ளி நின்றுபோயிற்று. ஒரு மாலைப்பொழுதில் பதினொருமுறை நின்றது. கற்றவன் கற்பிக்க வல்லவன் ஆவதில்லை என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவர். அறிவு கைக்குள் இறங்கி மறைந்துவிட்ட பிறகு அதை மீண்டும் சொல்லாக்கி வெளியே கொண்டுவருதல் தனியொரு கலை. கலைச்சொல் தொகுப்போர் கியருக்குப் பல்லிணை என்று பெயரிட்டிருக்கிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் பாட்டனாருக்குத் தேவைப்பட்டது பெயர்ச்சொல் அன்று. அழுத்துதலுக்கும் விடுதலுக்கும் இடையிலுள்ள நூறு நிலைகளைக் குறிக்கும் வினைச்சொற்களே அவருக்கு வேண்டியிருந்தன.

அவரைப் பழக்கிய லாரி டிரைவருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. தவறு செய்தால் முழங்காலில் ஸ்பேனரால் ஓர் அடி, கூடவே ஒரு வசவு, அவ்வளவே பாடத்திட்டம். அவ்வாறு கற்றவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள் என்று இன்றும் பெருமை பேசுவோர் உளர். அடிபட்டு அஞ்சித் தொழிலையே விட்டுவிட்டு மீண்டும் பால்மரக் காட்டுக்குள் போனவர்களை அவர்கள் கணக்கிடுவதில்லை.

நான்காம் நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. வண்டியைச் சமதளமான இடத்தில் நிறுத்தி, முடுக்கியின்மேல் கால் வைக்கவே கூடாது என்றார். எஞ்சின் தானே மெல்ல ஓடிக்கொண்டிருக்கட்டும். முதல் கியரைப் போட்டு, இடக்காலை மட்டும் ஒரு நெல்லளவு, ஒரு நெல்லளவாக உயர்த்து. எஞ்சினின் ஒலி தாழும் இடத்தில் காலை அப்படியே நிறுத்து. அவள் உயர்த்தினாள். ஒலி தாழ்ந்தது, முன்மூடி சிறிது நிமிர்ந்தது, கார் ஆமைபோல் தானாகவே நகரத் தொடங்கிற்று. பத்தடி நகர்ந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் அதே பத்தடி. அன்று மாலை முழுவதும் கொட்டகைக்கும் மாமரத்துக்கும் இடையே அந்தக் கார் ஊர்ந்துகொண்டே இருந்தது. அண்டை வீட்டார் சிரித்தனர். ஆனால் அன்றோடு கார் துள்ளுவது நின்றது.

அதற்குப் பின்னர் அவர் கண்ணைவிடக் காதையே நம்பிக் கற்பித்தார். அவ்வண்டியில் எஞ்சின் வேகம் காட்டும் கருவி இல்லை. முனகினால் கியரைக் குறை, கதறினால் கூட்டு என்பதே விதி. முதல் கியருக்கு மட்டும் பற்களை இசைவிக்கும் அமைப்பு இல்லையாதலால் வண்டி முற்றும் நின்ற பிறகே அதைப் போட வேண்டும். உருளும்போது போட்டால் பல்லைக் கடிப்பது போன்ற ஓசை எழும். அவ்வோசை கேட்டால் பாட்டனார் தம் பல்லையே கடிப்பார். வேகம் காட்டும் முகப்போ மைல் கணக்கிலானது. சாலையோரப் பலகைகளோ கிலோமீட்டரில். எட்டுக்கு ஐந்து என்று வகுத்துப் பார்க்கச் சொன்னார். அறுபது என்றால் முப்பத்தேழரை, தொண்ணூறு என்றால் ஐம்பத்தாறு. ஓடும்போது கணக்குப் போடுவது ஆபத்து என்று எண்ணியோ என்னவோ, முகப்பின் கண்ணாடிமேல் அந்த இரண்டு இடங்களிலும் அவர் முன்பே சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தின் தரை கடற்களி. நீரை வடிக்க வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாக்கி, அக்கரைமேல் செம்மண் கொட்டிச் சாலையாக்கியிருக்கிறார்கள். ஆகவே தோட்டத்துச் சாலை ஒவ்வொன்றும் இருபுறமும் நீர் நிற்க, நடுவே முதுகுபோல் உயர்ந்து ஓடுகிறது. ஒரு காருக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னோக்கிச் செல்ல வேண்டும், சுமையேற்றியவர் செல்லமாட்டார். ரப்பர் மரக் காலத்தில் நேர்வரிசைகளின் ஊடே தொலைவில் வரும் விளக்கு தெரியும். செம்பனை மட்டைகளோ முடுக்குகளை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே, ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டது. 1930இல் தம் நாவலுக்காகக் கோன்கூர் பரிசு பெற்ற எழுத்தாளரும் அவரே. அவர் நட்ட பயிர் பிற்காலத்தில் ஓட்டுநர்களுக்கு வைத்த சோதனையை அவர் அறிந்திருக்க முடியாது. முடுக்குதோறும் ஹாரன் அடி, விடையொலி வருகிறதா என்று காது கொடு, பிறகு திரும்பு என்பது பாட்டனாரின் கட்டளை.

பின்னோக்கிச் செல்லும் பாடத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. இருநூறு அடி நீளமுள்ள கரைமேல், இரு பக்கமும் வாய்க்கால் மின்ன, அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு காரை நகர்த்துவாள். இடப்பக்கம் அமர்ந்திருக்கும் பாட்டனாரின் காலடியில் பிரேக் இல்லை. இரு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் நிற்கும் கைப்பிரேக் ஒன்றே அவருக்கு எட்டும். வலக்கையை அதன்மேல் வைத்தபடியே அவர் அமர்ந்திருப்பார். இறுகப் பிடித்துவிட்டால் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் கை நடுங்கும். ஆகவே பிடிப்பதுமில்லை, விடுவதுமில்லை; விரல்கள் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கிள்ளான் நெடுஞ்சாலையில் ஏறும் சந்திப்பில் கார் நின்றுபோயிற்று. ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை அது. கிள்ளானுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையே மணல் லாரிகளும் கொள்கலன் வண்டிகளும், வார இறுதிகளில் ஜெராமுக்குச் சுட்ட மீன் தின்ன வருவோரின் கார்களும் ஓயாமல் ஓடுவது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பெண் குமிழை இழுத்தாள், எஞ்சின் கிளம்பவில்லை. பாட்டனார் தம்மை மறந்து கத்திவிட்டார். அவரைப் பழக்கிய லாரி டிரைவரின் வசவு அறுபது ஆண்டுக்குப் பிறகு அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடந்தாள். கடைசியில் காரைத் தள்ளி ஓரங்கட்ட இறங்கி வந்தவர் அந்த லாரிக்காரரே.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் சுத்திகரிப்பு நாள். அண்டை வீட்டு இளைஞனுக்குப் பணம் கொடுத்து அவன் வேனில் பாட்டியார் போய்வந்தார். அன்று மாலை அவர்தாம் பேத்தியை அழைத்து, "உன் தாத்தா வாயை நான் பார்த்துக்கிறேன். நீ சாலையைப் பாரு" என்றார். அடுத்த நாளிலிருந்து அவரும் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டார். மருமகளுக்கும் மகளுக்கும் கிடைக்காத பாடம் பேத்திக்குக் கிடைக்கும்போது உடனிருந்து காண அவர் விரும்பியிருக்கலாம். ஐம்பது ஆண்டு அந்தக் காரில் அமர்ந்து சென்றவரை ஓட்டிப் பார்க்கிறாயா என்று ஒருவரும் ஒருமுறையும் கேட்டதில்லை. தோட்டத்தில் ஓட்டுதல் ஆணின் தொழில். பால் வெட்டியதும் களை எடுத்ததும் குலை பொறுக்கியதும் பெண்கள். அவற்றை ஏற்றிச் சென்றவர்கள் ஆண்கள். டிரைவரின் சம்பளம் பால் வெட்டுவோர் கூலியைப் போல மழையால் கரையாது. உரிமம் என்ற தாளின் மதிப்பு அதில் அடங்கியிருந்தது. அத்தாள் பெண்களுக்கு எட்டாமலே இரண்டு தலைமுறை கழிந்தது.

பின்னிருக்கையில் பாட்டியாருக்கு ஒரு வேலையும் இருந்தது. 1961வரை வந்த மோரிஸ் மைனர்களில் திரும்பும் திசையைக் காட்ட, கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே நீளும். பாட்டனார் பிற்காலத்தில் மின்னும் விளக்குகளைப் பொருத்தியிருந்தாலும் அந்தக் கைகளையும் பழுதுபார்த்து வைத்திருந்தார். அவற்றுள் இடப்பக்கத்துக் கை அடிக்கடி சிக்கிக்கொள்ளும். தூணில் உட்புறமிருந்து ஓங்கித் தட்டினால் வெளியே வரும். பேத்தி இடப்புறம் திரும்பும்போதெல்லாம் பாட்டியார் தட்டுவார். பின்னால் வரும் இளைஞர்களுக்கு அந்தக் கை எதைச் சொல்கிறது என்பதே புரியாது.

தமிழில் வண்டியை ஓட்டுகிறோம் என்கிறோம். ஏரையும் மாட்டையும் ஓட்டிய அதே சொல். ஓடச் செய்தல் என்பது அதன் பொருள். மலாய்மொழியில் மெமாண்டு என்பர். பாண்டு என்றால் வழிகாட்டி. தோட்டப் பிள்ளைகள் இரு சொல்லையும் அறிந்தவர்கள். அந்தப் பெண் முதல் மாதம் முழுவதும் காரை ஓட்டினாள். அதனோடு மல்லுக்கு நின்றாள். எட்டாம் வாரத்தில் பாட்டனார் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். குறைத்ததை அவரே உணர்ந்ததாகத் தெரியவில்லை.

முதல் விடியற்காலைப் பயணத்துக்கு முன் அவர் செய்தது ஒன்றுதான். முதல்நாள் மாலை, நீர்த்தொட்டியையும் எண்ணெய்க் கோலையும் மின்விசிறிப் பட்டையையும் அவளையே பார்க்கச் சொன்னார். பட்டையைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அவள் அழுத்திப் பார்த்துவிட்டுத் தளர்ந்திருப்பதாகச் சொன்னாள். அவர் குனிந்து அழுத்திப் பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது. ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை நான்கரை மணிக்குக் கார் புறப்பட்டது. காப்பாரைத் தாண்டும்வரை இருட்டு விலகவில்லை; மின்நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் வானில் தெரிந்தன. முகப்பின் முள் முதல் சிவப்புப் புள்ளிக்குக் கீழேயே நின்றது. ஒரு கொள்கலன் வண்டி நெடுநேரம் பின்னால் வந்து, பின்பு கடந்துபோயிற்று. அவள் சாலையின் இடவோரத்தை விடவில்லை. கிள்ளானில் பாட்டியாரை இறக்கிவிட்டுக் காரை ஒதுக்கி நிறுத்த இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை நின்றது. நான்கு மணி நேரம் இருந்ததால் பாட்டனார் எதிர்க்கடையில் தேநீர் வாங்கி வந்தார். அவள் பின்னிருக்கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வு.